சிங்கிள் லெக்: மேல பிடிக்கிறதா, கணுக்கால்ல பிடிக்கிறதா, உக்காந்த இடத்துலேருந்து எழும்புறதா?

2025 ஆகஸ்ட்ல சிக்காகோவுல யூஎஃப்சி மிக்ஸ்ட் மார்ஷியல் ஆர்ட்ஸ் சண்டையில சிமாயேவ் நம்ம தென்னாப்பிரிக்கா சாம்பியன் டிரிக்கஸ் டு ப்ளெஸிய அஞ்சு ரவுண்டும் திரும்பத் திரும்ப தரையில போட்டு, மேல படுத்துக்கிட்டே பெல்ட்ட வாங்கிட்டுப் போனாரு பாருங்க, அதுக்கப்புறம் இங்க டர்பன்ல எங்க ஜியு-ஜிட்சு ஜிம்முல எல்லாருக்கும் டேக்டவுன் (நிக்கிற ஆளத் தரையில விழ வைக்கிறது) மேல திடீர் பக்தி வந்துடுச்சு. அதுவரைக்கும் ரவுண்டு ஆரம்பிச்சதும் சட்டுனு உக்காந்து, கீழேருந்தே காலால எதிராளியக் கட்டுப்படுத்துற கார்டு போட்டவங்க எல்லாம் இப்ப நின்னுக்கிட்டு காலைத் தேடுறாங்க. நல்லதுதான். ஆனா எந்த சிங்கிள் லெக்க, அதாவது எதிராளியோட ஒரு காலப் பிடிச்சு விழ வைக்கிற டேக்டவுன, முதல்ல கத்துக்கலாம்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நான் பாக்கறது ரெண்டே விஷயம். கால் கைக்கு வந்ததும் என் கழுத்து எங்க இருக்கு, கீழ விழுந்ததும் நான் எங்க இருக்கேன். ரெஸ்லிங்ல முதுகு மேட்ல அழுந்துச்சுன்னா ஆட்டமே முடிஞ்சுது, ஜியு-ஜிட்சுல முதுகு பட்டா அவன் பாட்டுக்கு கார்டு போட்டுட்டு நம்ம கழுத்தத் தேடுவான், அதனால ரெஸ்லிங்ல நல்லா ஓடுற டெக்னிக் எல்லாம் இங்க அப்படியே ஓடும்னு நினைக்க முடியாது.

முதல்ல முட்டிக்கு மேல பிடிக்கிற ஹை சிங்கிள். காலர் டை போட்டு, அதாவது எதிராளியோட பிடரியில கை போட்டு, அவன் தலைய ஒரு இழு இழுத்தா அவன் பேலன்சுக்காக ஒரு கால முன்னாடி வைப்பான், அந்தக் காலைத்தான் எடுக்கணும், தூரத்துலேருந்து பாய வேண்டிய அவசியமே இல்ல. ரெண்டு கையும் முட்டிக்குப் பின்னாடி பூட்டி, அவன் கால நம்ம ரெண்டு தொடைக்கு நடுவுல இறுக்கி, நெத்திய அவன் நெஞ்சுல முட்டுக் குடுத்து நிக்கணும். தலை உள்பக்கம், நிமிந்து. எங்கூட ட்ரெயின் பண்ற, இங்க டர்பன் சாட்ஸ்வொர்த் ஏரியாப் பையன் ஒருத்தன் இருக்கான், அங்கயே பொறந்து வளந்த நாலாவது தலைமுறை, தமிழ் பத்துப் பதினஞ்சு வார்த்தைதான் வரும், ஆனா நான் கால பிடிச்சதும் "அண்ணா, தலை! தலை!"ன்னு அவனேதான் கத்துவான், ஏன்னா தலை தொங்குன அடுத்த நொடி கில்லட்டின் (முன்னாலேருந்து கழுத்த நெரிக்கிற பிடி) போடப்போறதும் அவனேதான்.

இதுல பெரிய வசதி, முடிக்கிறதுக்கு மூணு வழி இருக்கு. தோள அவன் தொடையில கீழ்நோக்கி அழுத்திக்கிட்டே பின்னாடி வட்டமா காலெடுத்து வச்சா அவன் உக்காந்துதான் ஆகணும், இத ரன்னிங் தி பைப்னு சொல்லுவாங்க. அவன் ஒத்தக் கால்ல தத்தித் தத்தி பேலன்ஸ் பண்ணா கால இடுப்புக்குத் தூக்கி, அவன் ஊனியிருக்கிற இன்னொரு காலத் தட்டி விடலாம். அதுக்கும் மசியலன்னா கணுக்கால தோள் உயரத்துக்குத் தூக்கிட்டு முன்னாடி நடக்கலாம். ஒண்ணு மாட்டலன்னா இன்னொண்ணு, நடுவுல நம்ம கால் தரையிலயே இருக்கு, முட்டி அடி வாங்கல. விழும்போதும் அவன் ஒரு கால் நம்ம கையிலயே இருக்கறதால கார்டு போட்டாலும் அரைகுறையாத்தான் போட முடியும், அவன் காலத் தாண்டி கார்ட பாஸ் பண்ற வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

குறைனு பாத்தா பிடிமானம்தான். டர்பன் கோடையில, அதுவும் காவடி சமயத்துல, கி-ங்கற ஜூடோ மாதிரி உடுப்பு போடாத நோ-கி கிளாஸ்ல பதினஞ்சு நிமிஷம் போனா காலு எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும், அவன் முட்டிய உள்பக்கமா திருப்பி ஒரு உதறு உதறினா போச்சு. கை பூட்டு தொடையில தொங்கக் கூடாது, முட்டிக்கு ஒட்டினாப்புல இருக்கணும், தொடை இறுக்கம் விடவே கூடாது. கி போட்டிருந்தா பேன்ட்ட பிடிச்சுக்கலாம், வழுக்காது, ஆனா அவனும் நம்ம காலரப் பிடிச்சு கைய நீட்டி நம்மள தூரத்துலயே நிறுத்திடுவான். முதல்ல அந்தக் கைய உடைக்காம காலுக்குப் போறது வீண் வேலை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஐபிஜேஜேஎஃப்ங்கற ஜியு-ஜிட்சு கூட்டமைப்போட விதிப்படி நாம அவன் பேன்ட்ட கால் பக்கம் பிடிச்சிருக்கும்போது அவன் கார்டு இழுத்தா, மேல மூணு செகண்ட் நிலையா நின்னா ரெண்டு பாயின்ட் நமக்குத்தான். எப்பவும் கார்டு இழுக்கிற ஆளுகிட்ட இது பெரிய ஆயுதம்.

அடுத்து கணுக்கால்ல பாயற லோ சிங்கிள். இதப் பேசினா ஜான் ஸ்மித் பேரு வராம இருக்காது, 1988 சியோல், 1992 பார்சிலோனா ரெண்டு ஒலிம்பிக்லயும் தங்கம் வாங்கின அமெரிக்க ரெஸ்லர், 62 கிலோ. தூரத்துலேருந்து தரையோட தரையா போயி, குதிகால கையில பிடிச்சு, தோளால முழங்கால் கீழ முட்டித் தள்ளுறது. பாக்க அவ்வளவு அழகா இருக்கும். கிரிப் சண்டையே தேவையில்ல, சின்ன உடம்புக்காரங்க பெரிய ஆள விழ வைக்கலாம், அவன் விழுந்தா பாதம் கையிலயே இருக்கறதால நேரா கணுக்கால மடக்குற ஆங்கிள் லாக்குக்குப் போயிடலாம், அது வொய்ட் பெல்ட்டுக்கே அனுமதி உள்ள லாக்.

ஆனா மாட்டலன்னா? நாம முட்டி போட்டு கிடக்கோம், அவன் காலப் பின்னாடி எறிஞ்சு ஸ்ப்ராவல் பண்ணி நம்ம மேல கிடக்கான், அப்படியே பின்னாடி சுத்தி வந்து ரெண்டு காலயும் கொக்கி மாட்டினா நாலு பாயின்ட், கூடவே கழுத்தும் போச்சு. ரெஸ்லிங்ல இந்த இடத்துலேருந்து தப்பிச்சு எழுந்திருக்க ஆயிரம் தடவ பழகியிருப்பாங்க, நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஸ்கூல் காலத்துலேருந்தே ரெஸ்லிங் பண்ணின ஆஃப்ரிகான்ஸ் பசங்க எங்க ஜிம்முல ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க போடும்போது சுலபமாத்தான் தெரியுது. முப்பத்தஞ்சு வயசுல ஆபீஸ் நாற்காலியிலேருந்து எழுந்து வர்றவனுக்கு மெல்லிசான மேட்ல முட்டிய இடிச்சு இதப் பழகுறது நஷ்ட வியாபாரம்னு எனக்குத் தோணுது.

மூணாவது கீழேருந்து எழும்பி எடுக்கிற சிங்கிள். இதுதான் சத்தமில்லாம நல்ல பலன் தர்றது. ஹாஃப் கார்டுல (அவன் ஒரு கால மட்டும் நம்ம காலால பூட்டின நிலை) அண்டர்ஹூக் எடுத்து, அதாவது அவன் அக்குளுக்கு அடியில கை விட்டு, முட்டி மேல எழும்பி கால பிடிக்கலாம், பட்டர்ஃப்ளை, எக்ஸ் கார்டு மாதிரி வேற கார்டு வகைகள்லேருந்து கால அப்படியே கட்டிக்கிட்டு எழுந்திரிக்கலாம். மார்செலோ கார்சியா ஏடிசிசிங்கற பெரிய நோ-கி போட்டிய நாலு தடவ ஜெயிச்ச ஆளு, அவரு ஆட்டத்துல இந்த எழும்புறது முக்கியமான பங்கு. கார்டுலேருந்து ஆரம்பிச்சதால ஸ்வீப் (கீழேருந்து கவுத்து மேல வர்றது) கணக்கு, அதுவும் ரெண்டு பாயின்ட்தான், டேக்டவுனுக்குக் குறைஞ்சது இல்ல. விழுற உயரம் கம்மி, அடி கம்மி, ஒரு கிளாஸ்ல எத்தன தடவ வேணா முயற்சி பண்ணலாம். தோத்தா திரும்ப கார்டுதான், அது ஏற்கனவே நாம இருந்த இடம்.

அதனால புதுசா வர்றவங்க கேட்டா நான் சொல்றது: மூணாவதுலேருந்து ஆரம்பிங்க, அப்புறம் கால் ஏற்கனவே கையில இருக்கிற மாதிரி நின்னு ஹை சிங்கிள முடிக்கிறத மட்டும் பழகுங்க, கால எப்படி எடுக்கறதுங்கறது கடைசியில. லோ சிங்கிள் ப்ளூ பெல்ட்டுக்கு அப்புறம் ஆசை இருந்தா பாத்துக்கலாம்.

ஜூடோவுலேருந்து வர்றவங்க கிட்ட மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. 2010-ல கட்டுப்பாடு வந்து 2013-ல கால பிடிக்கிறதையே அங்க முழுசா தடை பண்ணிட்டாங்க, அதனால கால் தற்காப்பு வீக்கா இருக்கும்னு நம்பி போவோம், ஆனா கால எடுத்ததும் நம்ம கைக்கு மேல கை கோத்து விஸ்ஸர் போட்டு, உள்தொடையில கால் விட்டு எறியற உச்சி மட்டா தூக்குவாங்க, நெத்தி நெஞ்சுல இல்லன்னா நாமதான் பறப்போம்.

அப்புறம் பசங்களக் கூட்டிட்டு வர்ற அப்பாமாருங்க, தலைய வெளிப்பக்கம் வச்சு எடுக்கிற சிங்கிள யூடியூப்ல பாத்துட்டு வீட்டுல சொல்லிக் குடுக்காதீங்க, ஐபிஜேஜேஎஃப் போட்டியில சின்னப் பசங்க பிரிவுல அதுக்கு அனுமதியே இல்ல.