படகு குஷன் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: உறையைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

படகு இருக்கைக் குஷன்களைக் குறைந்த செலவில் புதுப்பிக்க நினைப்பவர்கள், கடையில் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் படகில் குஷன்களின் ரெக்சின் வெடித்து, தையல் விட்டு, உட்கார்ந்தால் பலகை குத்தியது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாததால் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். தண்ணீர் குடிக்காத புது ஃபோம், வெயிலையும் பூஞ்சையையும் தாங்கும் படகு ரெக்சின், பாலியஸ்டர் நூல் என்று பேச்சு. சொன்ன தேதியில் தரவில்லை, அதைக்கூட விடுங்கள். வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நல்ல மழைக்கு அப்புறம்தான் வண்டவாளம் தெரிந்தது. மேலே துடைத்துக் காய்ந்த குஷனில் உட்கார்ந்தால், தையல் ஓரமாகத் தண்ணீர் பிதுங்கிக்கொண்டு வந்தது. தூக்கினால் கல்லாய்க் கனத்தது. நாள்கணக்கில் வெயிலில் நிறுத்தியும் உள்ளே காயாமல் நாற்றமடித்தது. பிரித்தேன். அடியில் இருந்தது என்னுடைய பழைய ஃபோம்! பழுப்பேறி, கிள்ளினால் மாவாக உதிர்ந்தது. அதன்மேல் சோபாவுக்குப் போடும் சாதாரண ஃபோமை மெல்லிசாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பலகையில் அடித்த பின்கள் எல்லாம் துரு. நூல் பருத்தி, இழுத்த இழுப்புக்கு அறுந்தது. கேட்டதற்கு, "படகுன்னா நனையத்தான் சார் செய்யும்" என்றார் கடைக்காரர். பணம் திரும்பவில்லை.

படகு நனையும், உண்மைதான். அதனால்தான் ஃபோம் முக்கியம். சாதாரண ஃபோமில் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூடிய துளை ஃபோம் உறிஞ்சாது, ஆனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். சீக்கிரம் உலரும் ஃபோம் என்று இன்னொன்று உண்டு. பெரிய துளைகள் வழியே தண்ணீர் நேராக இறங்கிவிடும். அதைப் போட்டால் குஷனின் அடிப்பக்கத்துக்கு வலைத்துணிதான் வைக்க வேண்டும். அடியிலும் ரெக்சினைப் போட்டு மூடினால் தண்ணீர் போக வழியில்லை.

காசை மிச்சப்படுத்த எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஃபோமை நீங்களே வாங்கிக் கொடுத்துத் தையலுக்கு மட்டும் கூலி பேசுவது. அது முடியாதென்றால், எந்த ஃபோம், எந்த நூல், எந்தப் பின் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பலகையில் அடிக்கும் பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், கடல் என்றால் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும் 316 ரகம். ஃபோமில் ஒரு துண்டு வாங்கித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். நூல் நுனியைக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகித் திரளும். எல்லாக் குஷனையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் முதலில் ஒன்று மட்டும் கொடுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப் கட்டாயம் கேளுங்கள், வாங்கும் இடத்திலேயே திறந்து பார்த்துவிடலாம்.

கழற்றிய பழைய ஃபோமையும் கையோடு கேட்டு வாங்குங்கள். "தூக்கிப் போட்டுவிட்டோம்" என்று கடைக்காரர் சொன்னால், ஜிப்பைத் திறந்து காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.