நடுகல்லுக்கு கியூஆர் அட்டையா, முப்பரிமாணப் படமா?

வீரமரணம் அடைந்தவர்களின் நினைவாக நட்ட பழங்கல்தான் நடுகல். அதைப் பற்றிச் சொல்ல, சேலம் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு கியூஆர் அட்டை சுலபம். அச்சடித்து ஒட்டினால் போதும், செலவும் குறைவு. தமிழில் ஒலிக்குறிப்பு சேர்த்தால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம். சரி, ஆனால் பலர் போனைப் பார்த்துவிட்டுக் கல்லைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள்.

முப்பரிமாணப் படத்துக்கு உழைப்பு அதிகம். கல்லைச் சுற்றிவந்து, ஒன்றோடொன்று மேற்படியும்படி ஏராளமான படங்கள் எடுத்து, கணினியில் இணைக்க வேண்டும். பலன் பெரிது. திரையில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால், மழுங்கிய வட்டெழுத்தின் (பழந்தமிழ் எழுத்துமுறை) பள்ளங்களில் நிழல் விழுகிறது. வெறுங்கண்ணுக்குத் தப்பிய எழுத்தும் துலங்கும்.

என் ஓட்டு இதற்குத்தான். அட்டையை அடுத்த வருடமும் ஒட்டலாம். சேர்வராயன் மலையடிவாரத்தில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் கல்லில் எழுத்து அதுவரை காத்திருக்காது. எழுத்துள்ள கற்களை முதலில் படமெடுங்கள்.