சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா, ஸ்டிக்கரா? காசில்லாதவரின் சுவர்க் கணக்கு

பத்துக்குப் பத்து அறையில் கதவு, ஜன்னல் போக நாலு சுவரும் சேர்ந்து சுமார் 350 சதுர அடி வரும். பெயிண்ட் கடைக்குக் கிளம்புமுன் அந்தச் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் சுண்ணாம்பு, அல்லது சாக்பீஸ் போன்ற தூள் கலந்த டிஸ்டெம்பர் பெயிண்ட். ஒன்றும் ஒட்டாமல் வழுவழுவென்று இருந்தால் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட். எது மலிவு என்பதைக் கடைக்காரரைவிட உங்கள் சுவர்தான் சரியாகச் சொல்லும்.

விலையில் சுண்ணாம்பை மிஞ்ச எதுவுமில்லை. வெறும் சிமெண்ட் பூச்சு, பழைய வெள்ளையடித்த சுவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஓதம் ஏறும் சுவருக்கும் இதுதான் நல்லது. ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காது, காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) இருப்பதால் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்காது. ஆனால் அடிக்கிற முறை தெரிய வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து மெல்ல இறுகுவது, அதற்கு ஈரம் வேண்டும். முதலில் சுவரில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். காய்ந்த சுவரில் அடித்தால் தண்ணீரைச் சுவர் குடித்துவிடும், மிஞ்சுவது தூள். சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளை. அடித்ததும் பழைய கறை தெரிகிறதே என்று கெட்டியாகக் கலக்காதீர்கள். காயக் காயத்தான் வெளுக்கும். துணியில் வடிகட்டி, துளி நீலமும் கொஞ்சம் பசையும் சேர்த்து, நீர்க்கவே இரண்டு மூன்று முறை அடிக்கலாம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

நிறத்தில்தான் சுண்ணாம்பு கஞ்சம். காவி, மஞ்சள் மண் போன்றவை நிற்கும். பல சாயங்களைக் காரம் தின்றுவிடும். சமையலறை மஞ்சள்தூளைக் கலக்கலாமே என்று தோன்றினால் ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள், சுவர் அப்படித்தான் சிவக்கும்.

டிஸ்டெம்பருக்கு நிறம் நிறைய உண்டு, விலையும் நடுத்தரம். எனக்கு அதில் விருப்பமில்லை. குழந்தை கிறுக்கியதை ஈரத்துணியால் துடைத்தால் கிறுக்கலோடு நிறமும் வரும். பின்னாளில் எமல்ஷனுக்கு மாறலாம் என்றால் முதலில் சுரண்டி எடுக்கும் வேலை இருக்கிறது.

ஏற்கெனவே எமல்ஷன் அடித்த, உரியாத சுவர் என்றால் கதையே வேறு. அதன்மேல் சுண்ணாம்பு நிற்காது, செதில் செதிலாக உதிரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, மேலேயே எமல்ஷன் அடித்துவிடலாம். மலிவு ரகத்தில் இரண்டு கோட்டுக்கு, அதாவது இரண்டு முறை அடிக்க, லிட்டருக்கு ஐம்பது அறுபது சதுர அடி என்று கணக்குப் போடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் பெரிய எண் வழுவழுப்பான சுவரில் ஒரு கோட்டுக்கானது. முழு அறைக்கு ஆறேழு லிட்டர். அவ்வளவு முடியாதென்றால் நுழைந்ததும் கண்ணில் படும் ஒரே சுவருக்கு மட்டும் இரண்டு லிட்டர் வாங்கி, நல்ல அழுத்தமான நிறமாக நீங்களே அடியுங்கள். மற்ற மூன்றையும் கழுவிவிட்டாலே போதும்.

ஸ்டிக்கர் வால்பேப்பர் பார்க்க மலிவு. 45 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளமுள்ள சுருள் 48 சதுர அடிதான் மூடும். பூப்பூவாக டிசைன் இருந்தால் பொருத்துவதில் வீணாகி ஒரு சுவருக்கே மூன்று சுருள் வேண்டியிருக்கும். மாவு உதிரும் சுவரில் ஒட்டாது, ஓதச் சுவரில் உள்ளே பூஞ்சணம் வரும், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். பீரோ கதவுக்கு ஒட்டுங்கள், சுவருக்கு வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் சென்னையில் பரவலாக இருக்கிறது. இப்போது நீங்கள் அடித்தால் ஒரே சுவருக்கு இரண்டு முறை காசு கொடுத்ததாகும். “நானே அடிச்சுக்கிறேன் சார், போகும்போது பிடிக்காதீங்க” என்று கேட்டு, சம்மதித்தால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் சுவரைத் தொடவே தொடாதீர்கள்.

தொடாமலும் வழி இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் மலிவு. 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, அட்டையில் இருக்கும்) வெள்ளை டியூப்லைட் சுவரின் ஒவ்வொரு திட்டையும் காட்டிக்கொடுக்கும். படிக்க அது இருக்கட்டும். மாலையில் கட்டிலோரம் தாழ்வாக 2700 கெல்வின் மஞ்சள் ஒளி எல்இடி பல்பு ஒன்று எரிந்தால் பாதிக் கறை கண்ணுக்கே தெரியாது. ஜன்னலுக்குப் பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டரில் ஒன்றரை மீட்டர் நீளமாக மூன்று திரை வெட்டலாம், கரை இரண்டு பக்கமும் நேராக இறங்கும். முந்தானை மிச்சம் தலையணை உறைக்கு ஆகும். பட்டுச் சேலையை மட்டும் மாட்டாதீர்கள், வெயிலில் இற்றுப்போகும்.