188 ரூபாய்க்கு ஒரு கொலை வழக்கு: லாஸ்பேட்டை ஜெராக்ஸ் கடை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட் பைண்டிங்குக்கு வரிசை கட்டும் கடைகளில் இது ஒன்று. போர்டு வெயிலில் வெளுத்துப் பெயரே தெரியவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

பென்டிரைவில் கொண்டுபோனது 184 பக்கம், 1914-ல் கனடாவில் ஓர் அதிகாரியைச் சுட்டுக் கொன்ற மேவா சிங் வழக்கு பற்றிய பழைய செய்தித்தாள் ஸ்கேன்களும் என் குறிப்புகளும். நூறு வருஷத்துப் பேப்பர் ஸ்கேனை அப்படியே பிரிண்ட் போட்டால் பக்கம் முழுக்கக் கரியாகத்தான் வரும். கடை அக்கா ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பார்த்து, அடர்த்தியைக் குறைத்து, இன்னொன்று போட்டுக் காட்டி, "இது ஓகேவா தம்பி?" என்று கேட்ட பிறகுதான் மிச்சத்தை ஓட்டினார். வீணான தாளுக்குக் காசு வாங்கவில்லை. இதற்கே நாலு ஸ்டார்.

மெஷின் ஓடும்போது, "என்ன கேஸு இது, தலைப்பாகைக்காரர் படமா இருக்கு?" என்றார். சொன்னேன். 1914 மே மாதம் கோமகதா மாரு கப்பல் 376 பேரோடு கனடாவின் வான்கூவருக்குப் போகிறது. பெரும்பாலும் சீக்கியர்கள், எல்லாருமே பிரிட்டிஷ் பிரஜைகள். இந்தியன் வரக்கூடாது என்று சட்டத்தில் எழுதவில்லை. சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேராக வரவேண்டும் என்று 1908-லேயே ஒரு விதி போட்டு வைத்திருந்தார்கள், அப்படி வர இந்தியாவிலிருந்து கப்பலே கிடையாது. இரண்டு மாதம் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அங்கே குடியேற்றத் துறை அதிகாரி ஹாப்கின்சன், கல்கத்தா போலீசிலிருந்து போனவர், சீக்கியர்களுக்குள்ளேயே ஆள் வைத்து உளவு பார்த்தார். அந்த ஆட்களில் ஒருவர் பேலா சிங், செப்டம்பரில் குருத்வாராவுக்குள் சுட்டு இரண்டு பேரைக் கொன்றார். அந்த வழக்கில் அவருக்காகச் சாட்சி சொல்ல அக்டோபர் 21 அன்று கோர்ட்டில் காத்திருந்த ஹாப்கின்சனை மேவா சிங் சுட்டுக் கொன்றார். ஒன்பதே நாளில் விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு, 1915 ஜனவரி 11-ல் தூக்கு. சுட்டதை அவர் மறுக்கவே இல்லை, தீர்ப்பில் சட்டப்பிழை தேடவேண்டாம். ஆனால் பேலா சிங் தற்காப்புக்குச் சுட்டார் என்று விடுதலையானதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறுத்தும்.

"ஜூரியில நம்மாளு யாரும் இல்லையா?" அக்கா சரியான இடத்தைத் தொட்டார். குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி. 1907-லேயே வான்கூவர் இருக்கும் மாகாணத்தில் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறித்திருந்தார்கள். ஓட்டர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஜூரியில் உட்கார முடியாது, வக்கீலாகவும் முடியாது. ஓட்டு திரும்பக் கிடைத்தது 1947-ல்! (அதே 1914-ல் நம்ம ஊரில் பாரதியாரைச் சுற்றியும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் திரிந்தார்கள், பிரெஞ்சு மண் என்பதால் கை வைக்க முடியவில்லை. வான்கூவர் ஆட்களுக்கு ஒதுங்க அப்படி ஓர் ஊர் பக்கத்தில் இல்லை.)

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஸ்பைரல் துளை இடது ஓரத்து எழுத்துகளைத் தின்றுவிட்டது. மூன்று தாள் மாறிப்போய் என் புத்தகத்தில் தூக்கு முதலில், விசாரணை அப்புறம். படித்தபோது ரொம்ப வித்தியாசம் தெரியவில்லை என்பது வேறு விஷயம். மறுநாள் கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல் கழற்றி அடுக்கி மாட்டிக் கொடுத்தார். "அந்த நாட்டுக்காரங்க மன்னிப்பாவது கேட்டாங்களா?" என்றார். கப்பலைத் திருப்பியதற்கு 2016-ல் பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் கேட்டார் என்றேன். "கப்பலுக்கு மட்டுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனின் பென்டிரைவை வாங்கிக்கொண்டார்.

இரண்டு பக்கமும் பிரிண்ட், தாளுக்கு ஒன்றரை ரூபாய், 92 தாளுக்கு 138, ஸ்பைரல் 50. ஜிபே உண்டு. மதியம் 2 முதல் 4 வரை ஷட்டர் இறங்கியிருக்கும். பிடிஎஃபில் இடது ஓரம் ஒரு அங்குலம் விட்டுக் கொண்டுபோங்கள்.