பீரியட் சீரியலுக்கு நெகமம் சேலை: வாங்கலாம், அப்படியே கட்டக்கூடாது

1950களின் கொங்கு கிராமத்தைக் காட்டும் சீரியலில், தோட்டங்காட்டில் பாடுபடும் ஆத்தாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் கைத்தறிக் காட்டன்தான் எங்கள் முதல் தேர்வு. கட்டம் போட்ட உடல், எடுப்பான கரை, கசங்கினால் கசங்கினபடியே நிற்கும் நூல். கேமராவுக்கு வேண்டியது அந்தக் கசங்கல்தான். பாலியெஸ்டர் கலந்த சேலையை எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் மறுபடி வழுவழுவென்று நேராகிவிடும். சந்தேகமிருந்தால் ஓர நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணிபோலக் கெட்டியாகும்.

பெரிய குறை நீளம். இன்றைய சேலை ரவிக்கைத் துணி நீங்கலாக 5.5 மீட்டர். பின்கொசுவம், அதாவது மடிப்பைப் பின்பக்கம் வைத்துக் கட்டும் கட்டு, விசிறியாக விரிய 8 கெஜமாவது வேண்டும், அதாவது 7.3 மீட்டர். ஒரே பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நெய்த இரண்டு சேலை எடுத்து, ஒன்றில் 1.8 மீட்டர் வெட்டி உள்தலைப்பில் ஒட்டுப் போடுங்கள். தையல் கொசுவத்தின் உள்மடிப்பில் விழ வேண்டும். வேறு வேறு பாவில் எடுத்தால் சாயம் ஒரு சாயல் மாறி, விளக்கு வெளிச்சத்தில் ஒட்டுத் தெரிந்துவிடும்.

ஃபால்ஸையும் முந்தானைக் குஞ்சத்தையும் பிரித்தெடுங்கள். கூடவே வரும் ரவிக்கைத் துணியையும் தைக்க வேண்டாம். வெள்ளை வாயில் (voile) என்னும் மெல்லிய பருத்தித் துணியில் முன்கொக்கி வைத்து, கப், பைப்பிங் இல்லாமல் தைத்தாலே காலம் சரியாக வந்துவிடும்.

பழசாக்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புதுச்சேலையில் கஞ்சி இருக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்து இரண்டு தடவை அலசாவிட்டால் டீச்சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். 5 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் டீத்தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சேலையை ஈரமாகவே முக்கி, புரட்டிக்கொண்டே 15 நிமிடம் வைத்து, நிழலில் காயவையுங்கள். பிறகு கீழ்க்கரையிலும் இடுப்பு மடிப்பிலும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். அழுத்தினால் நூல் அறுந்து, உழைத்துத் தேய்ந்ததுபோல இல்லாமல் எலி கடித்ததுபோல ஆகிவிடும்.

ஜரிகைக் கரை மட்டும் வேண்டவே வேண்டாம். இன்றைய மலிவு ஜரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம். டீ அதில் ஏறாது. உடல் பழுத்திருக்க, கரை மட்டும் புத்தம் புதிதாக மின்னும். நூல்கரையே எடுங்கள்.

பொடிக்கட்டமும் ஆபத்து. தூர ஷாட்டில் கட்டங்கள் அலையலையாக நடுங்கும். கட்டைவிரல் அகலத்துக்குக் குறையாத கட்டமாகப் பார்த்து, ஷூட்டிங்குக்கு முன் கேமராவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெளிர்நிறச் சேலையை வெண்மை கூட்டும் பவுடரில் துவைத்தால் செட் விளக்கில் நீலம் பாய்ந்துவிடும். பூந்திக்கொட்டையே நல்லது.

பண்ணாடி (நிலக்கிழார்) வீட்டுக் கதாபாத்திரங்களுக்கு இது கொஞ்சம் எளிமை. அவர்களுக்குக் கோவை கோரா காட்டனில் அடர்ந்த அரக்கு, பாசிப்பச்சை நிறங்களைப் பாருங்கள். கோராவில் பட்டு கலந்திருப்பதால் உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.