642: 410 கிராம் ரிவால்வர், ஐந்தரைக் கிலோ ட்ரிக்கர்

மறைத்து எடுத்துச் செல்ல முதல் ரிவால்வராக ஸ்மித் அண்ட் வெசன் 642 வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்காரர்கள் பலரும் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். துப்பாக்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இன்றுவரை வரவில்லை. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியான ஹேமர் உள்ளே மூடியிருப்பதால் எடுக்கும்போது துணியில் மாட்டாது. ஸ்மித் அண்ட் வெசன் 1952-இல் கொண்டுவந்த சென்டென்னியல் என்ற ரிவால்வரின் வழியில் வந்த வடிவம் இது. அலுமினியச் சட்டகம் என்பதால் நாள் முழுக்க வைத்திருந்தாலும் பை தொங்காது.

தீராத எரிச்சல் ட்ரிக்கர்தான். ஹேமரை முன்கூட்டியே இழுத்து வைத்துச் சுட வழியில்லை. ஐந்து தோட்டாவுக்கும் ஐந்து நீண்ட இழுப்பு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ. துப்பாக்கியின் எடையைப்போல் பதின்மூன்று மடங்கு விசையை ஒற்றை விரல் கொடுக்க வேண்டும், அதுவரை குழல் நுனி அசையக் கூடாது. முன் குறிமுனை வேறு குழலோடு சேர்ந்த சின்னச் சாய்வு. மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

"ஸ்பிரிங்கை மாற்று, இலகுவாகிவிடும்" என்ற யோசனை எங்கும் கிடைக்கும். கேட்காதீர்கள். ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்தால் அடி வலுவிழந்து, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் கடினமானதாக இருந்தால் வெடிக்காமல் போகும். ட்ரிக்கரை முன்னுக்குத் தள்ளும் ரீபவுண்ட் ஸ்பிரிங் தளர்ந்தால் ட்ரிக்கர் சோம்பலாகத் திரும்பும். அவசரத்தில் பாதியிலேயே மறுபடி இழுத்துவிடுவீர்கள். ஸ்னாப் கேப் எனும் பயிற்சிக்கான போலித் தோட்டா போட்டுத் தினமும் இருபது இழுப்பு பழகுவதும், சுண்டுவிரலும் பிடிக்கிற அளவுக்குக் கைப்பிடியை மாற்றுவதும்தான் வழி. பழகும்போது உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

2009-இல் வந்த போட்டி ரிவால்வரான ரூகர் எல்சிஆர் ட்ரிக்கர் விஷயத்தில் தெளிவாக முந்துகிறது. உராய்வைக் குறைக்கும் அதன் கேம் அமைப்பால் இழுப்பு கடைசிவரை சீராகப் போகும். ஆனால் ட்ரிக்கர் முழுதாகத் திரும்புவதற்கு முன் ஒரு பொய்ச் சொடுக்கு உண்டு. அதை நம்பி இழுத்தால் தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர் சுழலும், தோட்டா வெடிக்காது. விரலை முன்வரை விடப் பழகாதவருக்கு இது ஆபத்து.

தோட்டாவில் 148 கிரெய்ன் (குண்டின் எடை, ஏறத்தாழ 9.6 கிராம்) வாட்கட்டர் எனும் தட்டை மூக்கு வகை வாங்குங்கள். உதை குறைவு, ஊடுருவலும் போதும். அவசரமாக நிரப்பும்போது அந்தத் தட்டை மூக்கு சிலிண்டர் துளையின் விளிம்பில் இடிக்கும் என்பதால், மறுபடி நிரப்புவதற்கு மட்டும் உருண்டை மூக்குத் தோட்டாவை ஸ்ட்ரிப்பில் (தோட்டாக்களை வரிசையாகப் பிடித்து வைக்கும் பட்டை) வையுங்கள். அதிக அழுத்தமுள்ள பிளஸ் பி தோட்டாவானால் ஒரு சோதனை அவசியம். ஐந்து போட்டு நான்கைச் சுட்டபின் ஐந்தாவதை எடுத்து, சுடாத தோட்டாவோடு நீளம் ஒப்பிடுங்கள். உதையில் குண்டு முன்னால் நழுவியிருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம்; ஒருநாள் சிலிண்டர் முன்னால் முட்டிக்கொண்டு சுழலாமல் நின்றுவிடும்.

சுட்ட வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பியான எஜெக்டர் ராட் குட்டை. மெதுவாகத் தள்ளினால் கூடுகள் பாதியில் நிற்கும். குழலை மேல்நோக்கிப் பிடித்து ஒரே அடியாக அடிக்க வேண்டும். எரியாத வெடிமருந்துத் துகள், கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தட்டின் அடியில் சேர்ந்தால் சிலிண்டர் இறுகும். அங்கே உலர்ந்த பிரஷ் போதும், எண்ணெய் வேண்டாம். ராட் தளர்ந்தாலும் சிலிண்டர் திறக்காது. அதன் மரை இடப்பக்க மரை, தெரியாமல் வலப்பக்கம் திருகினால் இன்னும் கழன்றுவிடும்.

பாக்கெட்டில் வைப்பதானால் ட்ரிக்கரை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். அதே பையில் சாவி, நாணயம் எதுவும் கூடாது. வாரம் ஒருமுறை பஞ்சுத்தூசியை ஊதித் தள்ளுங்கள்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். முதல் ரிவால்வராக 642 வேண்டாம். அதே வடிவத்தில் எஃகில் வரும் 640-ஐ வாங்குங்கள். அது 200 கிராம் கூடுதல், பாக்கெட்டைவிட இடுப்பு ஹோல்ஸ்டருக்கே ஏற்றது, ஆனால் அந்த எடைதான் இழுப்பின்போது குழலை நிறுத்திப் பிடிக்கும். ஏழு கஜத்தில் ஐந்து தோட்டாவும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழத் தொடங்கியபிறகு 642 வாங்கலாம். என்னுடையதை மட்டும் விலைக்குக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.