கேசரியும் கயிறும்: ஒரு வளர்ப்புக் கிளியோடு வெளியே போன மூன்று வருடம்

எங்கள் வீட்டில் ஒரு சன் கனூர் இருக்கிறது, மஞ்சளும் ஆரஞ்சுமான சின்ன வெளிநாட்டுக் கிளி. பெயர் கேசரி. நிறத்தைப் பார்த்தவர்கள் பெயர்க் காரணம் கேட்பதில்லை. டி.என்.ஏ. சோதனை செய்யாமல் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத இனம் இது. நாங்களாகத்தான் 'அவள்' என்கிறோம். எடை 112 கிராம். கோவையில் இருக்கிறோம். இவளை வெளியே கூட்டிப்போக ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை இரண்டு வகை ஹார்னஸ் (கயிற்றோடு உடம்பில் மாட்டுகிற பட்டை), அவளை வைத்துத் தூக்கிப்போக இரண்டு பைகள், தூக்கம் போன ஓர் இரவு. அந்த இரவிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஹார்னஸ் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, முதுகில் பிளாஸ்டிக் கிளிப். இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடலாம், அதனாலேயே பிடித்திருந்தது. ஆனால் பாதாம் ஓட்டையே உடைக்கிற அலகுக்கு அந்த கிளிப் எம்மாத்திரம்? பத்தாவது நாளோ என்னவோ, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். டிக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கயிறு என் கையில், கேசரி பக்கத்து வீட்டுத் தென்னையில்.

பறந்து போனதைவிட அவளுக்கு இறங்கத் தெரியாததுதான் பெரிய சிக்கல். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த கிளிக்கு மேலே ஏறுவது தானாக வந்துவிடும். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குவது பழகினால்தான் வரும். கூப்பிட்டால் கத்துகிறாள், எட்டிப் பார்க்கிறாள், வர மாட்டேன் என்கிறாள். காக்கைகள் வேறு கூடிவிட்டன. இருட்டியதும் அவை போயின, அவள் மட்டை இடுக்கில் ஒடுங்கிவிட்டாள். காலை ஆறரைக்கு கடலை டப்பாவைக் குலுக்கினேன். மட்டையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு, அங்கிருந்து கைப்பிடிச் சுவருக்கு, அப்புறம் என் தோளுக்கு. தராசில் வைத்தால் 104 கிராம். ஒரே இரவில் எட்டு கிராம்.

"காலுல ஒரு கயித்தக் கட்டி உட்டாப் போதாதா கண்ணு?" என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. போதாதது மட்டுமில்லை, அதைவிட மோசமான யோசனை வேறில்லை. மிரண்டு பாய்ந்தால் மொத்த வேகமும் தீக்குச்சி தடிமனுள்ள காலில் இறங்கும். இறகை வெட்டிவிடலாமே என்றவர்களும் உண்டு. வெட்டிய இறகு அடுத்த உதிர்வில் முளைத்துவிடும். அதோடு எங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 112 கிராமைத் தூக்கிப்போக அரை இறகு போதும்.

பேசாமல் வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று நானும் யோசித்தேன். ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சம் வருமே தவிர, உடம்பில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் வராது. கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அது வெயில் கணக்கில் சேராது.

இரண்டாவதாக வாங்கியது கிளிப், பக்கிள் எதுவுமில்லாத, ஒரே நைலான் பட்டையால் ஆன வகை. கழுத்துக்கு ஒரு வளையம், இறக்கைகளுக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி ஒன்று. கயிறு ரப்பர் மாதிரி இழுபடும். முழு நீளத்துக்குப் பறந்தாலும் வெடுக்கென்று நிற்காமல் மெதுவாக வேகம் குறையும். விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. இன்றுவரை இந்த வகைதான்.

பழக்க ஏழு வாரம் ஆனது. முதல் பத்து நாள் கூண்டுக்குப் பக்கத்தில் சும்மா தொங்கவிட்டேன். பிறகு வளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சூரியகாந்தி விதை. விதைக்காக அவளாகத் தலையை நுழைக்க வேண்டும், நான் தள்ளக் கூடாது. தலை சீக்கிரம் பழகிவிட்டது. இறக்கைதான் பாடாய்ப் படுத்தியது. நீள இறகுகள் மடங்காமல் பட்டைக்குள் விரல் விட்டு இறக்கையை வெளியே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் திரும்பி என் நகக்கண்ணைக் கடிப்பாள். இப்போதும் கடிக்கிறாள், ஆனால் கடமைக்கு.

இறுக்கம் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பறவைக்கு நமக்குள்ளதுபோல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்றுப்பைகளுக்குள் காற்று போய்வரும். நெஞ்சை இறுக்கினால் மூச்சையே கட்டியதுபோல. தளர்ந்திருந்தால் இறக்கை வழியாக உருவிக்கொள்வாள். சுண்டுவிரல் நுனி நுழைகிற இடம் என்பது என் கணக்கு.

குறைகளும் இருக்கின்றன. ஒற்றைக் கையால் மாட்ட முடியாது. இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்தில் கழுத்தில் முள்முள்ளாகப் புதுக் குருத்துகள் வரும், பட்டை பட்டால் வலிக்கும். அந்த வாரங்களில் ஹார்னஸுக்கு லீவு. இரண்டாவது வருடம் கயிற்றைக் கடித்து நூல் பிரிந்தது. தைத்துச் சமாளிக்கவில்லை, புதிதே வாங்கினேன்.

பை விஷயத்திலும் முதல் தடவை ஏமாந்தேன். முன்பக்கம் குமிழ் மாதிரி கண்ணாடி பிளாஸ்டிக் வைத்த பை, பார்க்க அழகு. பங்குனி வெயிலில் பத்தே நிமிடத்தில் வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தாள், இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தாள். கிளிக்கு வியர்க்காது, சூட்டை இப்படித்தான் வெளியேற்ற வேண்டும். இப்போது இருப்பது மூன்று பக்கமும் கம்பி வலை, உள்ளே ஒரு மரக்குச்சி. கிளம்புவது ஏழு மணிக்கு, எட்டரைக்குள் வீடு.

ஹார்னஸைவிட இந்தப் பை முக்கியம் என்று புரிந்தது ரேஸ் கோர்ஸ் நடைபாதையில். தோளில் இருந்தவள் திடீரென்று இறகுகளை ஒட்டிக்கொண்டு ஒல்லியாகி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. பைக்குள் விட்டு ஜிப் போட்ட பிறகுதான் மரத்திலிருந்து ஒரு வல்லூறு கிளம்பியது. கயிற்றில் கட்டிய பறவையால் தப்பி ஓட முடியாது, இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பை இல்லாமல் கேட்டைத் தாண்டுவதில்லை. பூங்காவில் அரளிப் பக்கமும் போவதில்லை. எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கிற ஆளுக்கு அது விஷம்.

ஜனங்கள் தனிக் கதை. "ஏனுங்க, இது நெசக் கிளிங்களா?" என்று கேட்டுக்கொண்டே விரல் நீட்டுவார்கள். "கடிக்குமுங்க" என்ற ஒரு வார்த்தை போதும். அடுத்த கேள்வி, பச்சைக்கிளிக்கும் இதே பெல்ட் மாட்டலாமா என்பது. நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கனூர் போன்ற வெளிநாட்டு இனங்களையும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றின் நகல் என் போனில் இருக்கிறது, இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது ஆடி. மாடியில் நைட்டி கொடியோடு பறக்கிற காற்று. ஆவணி பிறக்கட்டும் என்று பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். கேசரி தினமும் அதன்மேல் ஏறி ஜிப்பைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.